18 கோடியும் 14 கோடியும்

விழிஞ்ஞம் மீன்பிடித் துறையில் காலை ஏலம் முடிந்து, ஐஸ் போட்ட பெட்டிகள் வண்டி ஏறிக்கொண்டிருந்தன. தேநீர்க்கடை பெஞ்சில் எனக்கு எதிரே இரண்டு பேர். பேச்சைக் கேட்டாலே தெரியும், குமரிக் கரையிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். இளையவர் தன் கைபேசியை மூத்தவரிடம் நீட்டினார். சஞ்சு சாம்சனுக்கு மஞ்சள் சட்டை போட்ட படம். மூத்தவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "சஞ்சு வந்தது சந்தோசந்தாம் மக்கா. அந்த ஜடேஜா என்ன தப்புப் பண்ணினான்?" என்றார். இளையவர் பதில் சொல்லவில்லை. அன்று முழுக்க அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

செய்தி எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2025 நவம்பர் 15 அன்று ராஜஸ்தான் ராயல்ஸ் தன் கேப்டன் சஞ்சு சாம்சனைச் சென்னை சூப்பர் கிங்ஸுக்குக் கொடுத்தது. பதிலுக்கு ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போனார்கள். சஞ்சுவின் சம்பளம் 18 கோடி ரூபாய், அப்படியே தொடர்ந்தது. கரனின் 2.4 கோடியும் அப்படியே. ஜடேஜாவின் 18 கோடி மட்டும் 14 கோடி ஆனது. இந்தக் கடைசி வரியை அன்று பலரும் வேகமாகத் தாண்டிப் போனார்கள். கட்டுரையின் முடிவில் அதற்குத் திரும்பி வருவேன்.

விழிஞ்ஞத்திலிருந்து கடற்கரையை ஒட்டித் தெற்கே போனால் சில கிலோமீட்டரில் புல்லுவிளை. சஞ்சுவின் ஊர். இந்தக் கரை முழுக்கக் கால்பந்தின் பிடியில் இருப்பது. மணலில் கம்பு நட்டுவிட்டால் அதுதான் கோல். சஞ்சுவின் தந்தையும் கால்பந்து வீரர்தான், டெல்லி காவல்துறையில் கான்ஸ்டபிளாக இருந்தவர். டெல்லியின் 13 வயதுக்குட்பட்டோர் அணியில் மகனுக்கு இடம் கிடைக்காதபோது விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு ஊர் திரும்பினார். திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் மைதானத்தில் பிஜு ஜார்ஜிடம் பயிற்சி. 2013இல் 18 வயதில் ராஜஸ்தானுக்காக ஐபிஎல் அறிமுகம். மீனவக் கிராமத்துப் பையனை நம்பி ஒரு அணி களத்தில் இறக்கியது என்பது இங்கே சின்ன விஷயம் அல்ல. சஞ்சுவும் அதை மறந்ததில்லை. 2025 ஆகஸ்டில் கிரிக்கெட் வீரர் அஸ்வினோடு நடந்த யூடியூப் உரையாடலில்கூட, தன்னைப் போன்ற கிராமத்துப் பையனுக்கு மேடை கொடுத்தவர்கள் ராகுல் திராவிடும் உரிமையாளர் மனோஜ் படாலேயும்தான் என்று மனம் விட்டுச் சொன்னார். மூன்று மாதத்தில் அவர் அந்த அணியில் இல்லை.

'விசுவாசமா, வெற்றியா' என்று கேட்டால் கேள்வி எளிதாகத் தெரிகிறது. விசுவாசம் என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதில்தான் சிக்கல். வீரரை விடாமல் வைத்திருப்பதா? இல்லை, விடும்போது விடுகிற விதமா? இரண்டும் வேறு வேறு.

இந்தக் கரையில் வள்ளம் மாறுவது துரோகம் ஆகாது. வள்ளத்தில் போகிறவர் பங்குக்குப் போகிறார். டீசல், ஐஸ் என்று செலவைக் கழித்துவிட்டு, வள்ளத்துக்கும் எஞ்சினுக்கும் வலைக்கும் ஒரு பகுதி போக, மிச்சத்தைப் பிரித்துக்கொள்வார்கள். அடுத்த பருவத்தில் வேறு வள்ளம் ஏற நினைத்தால் ஏறலாம். ஆனால் முன்பணம் வாங்கியிருந்தால் கணக்குத் தீர்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். உரிமையாளரும் அப்படித்தான், பாக்கிப் பங்கைக் கொடுத்துத்தான் ஆளை விட வேண்டும். கணக்குத் தீர்க்காமல் போனவரையும், தீர்க்காமல் அனுப்பியவரையும்தான் கரை பேசும். விளையாட்டில் நடக்கும் பரிமாற்றங்களை, ரசிகர்கள் வாயில் 'டிரேடு', இந்த அளவுகோலால் அளந்தால் பல விஷயங்கள் தெளிவாகின்றன.

கூடைப்பந்து இந்தக் கேள்விக்குப் பழைய களம். அமெரிக்காவின் என்பிஏவில் வீரரைக் கேட்காமலே அவரை இன்னொரு ஊருக்கு அனுப்பலாம். வேண்டாம் என்று மறுக்கும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டுமானால் 8 ஆண்டு அனுபவமும், அதில் 4 ஆண்டு அதே அணியிலும் இருந்திருக்க வேண்டும். அப்படி வாங்கியவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்களே. 2025 மே 2 அன்று திறந்து வைக்கப்பட்ட விழிஞ்ஞம் பன்னாட்டுத் துறைமுகத்தில், தாய்க்கப்பலில் வந்த கன்டெய்னர் கிரேனில் தூக்கப்பட்டு வேறு கப்பலில் ஏறி வேறு கரைக்குப் போகிறது. பெட்டியிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. என்பிஏவில் வீரர்களின் நிலையும் ஏறக்குறைய அதுதான்.

டொராண்டோ ராப்டர்ஸ் அணியில் டெமார் டெரோசன் 9 சீசன் ஆடினார். பெரிய நட்சத்திரங்கள் டொராண்டோவை விட்டு ஓடிய காலத்தில் இதுதான் என் ஊர் என்று நின்றவர். 2018 ஜூலையில் அவரை சான் அன்டோனியோவுக்குக் கொடுத்துவிட்டு கவாய் லெனார்டை வாங்கினார் அணியின் நிர்வாகத் தலைவர் மசாய் உஜிரி. உன்னை அனுப்ப மாட்டோம் என்று அதற்குச் சில நாள் முன்புதான் தனக்குச் சொல்லப்பட்டதாக டெரோசன் நொந்துபோனார்; உஜிரி வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஜூனில் டொராண்டோ முதல் முறையாகக் கோப்பை வென்றது. பார்த்தீர்களா, வெற்றி எல்லாவற்றையும் நியாயப்படுத்திவிட்டது என்று எழுதினார்கள்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அந்தக் கோப்பைக்கு முன், 2019 மே 12 அன்று பிலடெல்பியாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தின் கடைசி நொடியில் லெனார்ட் மூலையிலிருந்து எறிந்த பந்து வளையத்தின் விளிம்பில் நான்கு முறை துள்ளியது. பிறகுதான் உள்ளே விழுந்தது. நான்காவது துள்ளலில் வெளியே சாய்ந்து, ஆட்டமும் கைவிட்டுப் போயிருந்தால்? உஜிரியின் முடிவு அதே முடிவுதான், டெரோசனுக்குச் சொல்லப்பட்ட வார்த்தையும் அதே வார்த்தைதான். ஆனால் ஊர் அதைத் துரோகம் என்று அழைத்திருக்கும். லெனார்டும் கோப்பை கையில் ஏறிய சில வாரங்களில் லாஸ் ஏஞ்சலஸ் போய்விட்டார். பந்து எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை வைத்து, அதற்குப் பத்து மாதம் முன்பு ஒரு மனிதருக்குச் சொன்ன சொல் மெய்யா பொய்யா என்று தீர்மானிக்க முடியாது. பரிமாற்றம் நல்ல பரிமாற்றமாக இருந்திருக்கலாம். கணக்கு தீரவில்லை என்பதும் உண்மை.

டல்லாஸில் நடந்தது இதற்கு மறுபுறம். 2025 பிப்ரவரி முதல் வாரத்தில், 25 வயது லூகா டோன்சிச்சை, முந்தைய ஆண்டு அணியை இறுதிப் போட்டிவரை கொண்டுபோனவரை, பொது மேலாளர் நிகோ ஹாரிசன் லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டு ஆன்டனி டேவிஸை வாங்கினார். தடுப்பாட்டம்தான் கோப்பை தரும் என்றார். அரங்கம் முழுக்க அவரை நீக்கச் சொல்லிக் கோஷம். டேவிஸ் காயத்தில் உட்கார்ந்தார், அணி சரிந்தது. நவம்பர் 11 அன்று ஹாரிசனே நீக்கப்பட்டார். நம் ஊர் சஞ்சுவின் 31ஆவது பிறந்த நாள் அது. சென்னைப் பரிமாற்றத்துக்கு நான்கு நாள் முன்பு. வெற்றி என்ற பெயரில் விசுவாசத்தை முறிப்பவருக்கு வெற்றி கட்டாயம் வந்து சேரும் என்ற உத்தரவாதமும் கிடையாது.

கேரளத்துக்கு இது புது வலி அல்ல. 2023 ஜூலையில் கேரள பிளாஸ்டர்ஸ் கால்பந்து அணி, கண்ணூர் வேரும் மலையாள மொழியுமாக ரசிகர்களின் செல்லப் பிள்ளையாக இருந்த சஹல் அப்துல் சமதை மோகன் பகானுக்கு அனுப்பிவிட்டு பிரீதம் கோட்டாலைக் கொண்டுவந்தது. மோகன் பகான் அடுத்தடுத்து இரண்டு ஆண்டு லீக் ஷீல்டு வென்றது. 2024-25இல் கோப்பையையும் சேர்த்து. கோட்டால் 2025 ஜனவரியில் சென்னையின் எஃப்சிக்குப் போய்விட்டார். பிளாஸ்டர்ஸின் அலமாரியில் ஐஎஸ்எல் கோப்பையும் இல்லை, ஷீல்டும் இல்லை. எங்கள் கரையின் பூந்துறையிலும் பொழியூரிலும் இதை இன்றும் சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொள்கிறார்கள்.

சஞ்சு, ஜடேஜா விஷயத்துக்கு வருவோம். இருவரின் பாதையும் ஆச்சரியமான விதத்தில் ஒன்றோடொன்று பின்னியிருக்கிறது. சூதாட்ட விவகாரத்தில் லோதா குழு அளித்த தீர்ப்பால் சென்னையும் ராஜஸ்தானும் 2016, 2017 இரண்டு ஆண்டு தடை செய்யப்பட்டன. சஞ்சு டெல்லிக்குப் போனார், ஜடேஜா குஜராத் லயன்ஸுக்கு. 2018இல் தடை நீங்கியதும் ராஜஸ்தான் ஏலத்தில் 8 கோடி கொடுத்து சஞ்சுவைத் திரும்ப வாங்கியது. சென்னை ஜடேஜாவை முன்கூட்டியே தக்கவைத்தது. அணி இல்லாமல் போனபோது போனார்கள், அணி வந்ததும் வந்தார்கள்.

ஜடேஜாவின் கதையில் இன்னொரு சுழலும் உண்டு. 2008இல் ஷேன் வார்ன் தலைமையில் ராஜஸ்தான் முதல் ஐபிஎல் கோப்பை வென்றபோது 19 வயது ஜடேஜா அந்த அணியில் இருந்தார். 2010இல், வேறு அணியோடு நேரடியாகப் பேரம் பேசினார் என்று ஒரு சீசன் முழுக்கத் தடை. அடுத்த ஆண்டு அவரை வாங்கியது கேரளத்தின் கொச்சி டஸ்கர்ஸ். அந்த அணி ஒரே சீசனில் கலைக்கப்பட்டது. அந்த அணியைக் கொண்டாடிய கேரள ரசிகர்களிடம் யாரும் கணக்குத் தீர்க்கவில்லை. 2012இல் 20 லட்சம் டாலருக்குச் சென்னை வாங்கியது. அங்கிருந்து தொடங்கியது 12 சீசன்.

அந்த 12 சீசனில் எல்லாம் இனிப்பாக இல்லை. 2022இல் கேப்டன் பதவி கொடுக்கப்பட்டது. 8 ஆட்டங்களில் 6 தோல்வி, பாதியிலேயே பதவி தோனியிடம் திரும்பிப் போனது. அடுத்த ஆண்டு சேப்பாக்கத்தில் ஜடேஜா மட்டை பிடித்து நின்றால், தோனி வர வேண்டும் என்பதற்காக இவர் அவுட் ஆகட்டும் என்று காத்திருந்தது அரங்கம். தான் மேலே இறங்கினால் அவுட் ஆகட்டும் என்றுதான் காத்திருப்பார்கள் என்று அவரே ஒரு ஆட்டத்துக்குப் பிறகு சொன்னார். அந்தக் கூட்டத்தில் நானும் மனதளவில் இருந்தேன், அதை மறைக்க விரும்பவில்லை. அதே ஆண்டு மே மாத இறுதியில், மழையால் நள்ளிரவு தாண்டி நீண்ட அகமதாபாத் இறுதிப் போட்டி. கடைசி இரண்டு பந்தில் 10 ரன் வேண்டும். மோஹித் சர்மா நான்கு பந்தும் அருமையாகப் போட்டிருந்தார். ஐந்தாவது பந்து நேராகத் தலைக்கு மேலே சிக்ஸர். ஆறாவது பந்து காலுக்கருகே, ஃபைன் லெக்கில் நான்கு. ஓடி வந்த ஜடேஜாவைத் தோனி அப்படியே தூக்கிக்கொண்டார். சென்னைக்கு ஐந்தாவது கோப்பை. இரண்டு பந்துக்கு என்ன விலை என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தத் தேநீர்க்கடைப் பெரியவர் கேட்டது இந்தப் பாக்கியைப் பற்றித்தான்.

சென்னையின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. 2025இல் அந்த அணி 14 ஆட்டத்தில் 4 மட்டும் வென்று, வரலாற்றிலேயே முதல் முறையாகக் கடைசி இடத்தில் நின்றது. பரிமாற்றத்தின்போது தோனிக்கு 44 வயது. விக்கெட் கீப்பரும் மேல்வரிசை மட்டையாளருமாக அடுத்த ஐந்தாறு ஆண்டுக்கு ஒருவர் வேண்டும். ஜடேஜா அந்த சீசனில் 301 ரன்னும் 10 விக்கெட்டும் எடுத்திருந்தார், மோசமில்லை. ஆனால் டிசம்பரில் அவருக்கு 37 வயது. பழைய ஆட்களை நம்பியே 2018, 2021, 2023 கோப்பைகளை எடுத்த அணி, அந்த நம்பிக்கையைத் தேவைக்கு மேல் நீட்டித்ததன் விலையைத்தான் 2025இல் கொடுத்தது. இதே சென்னைதான் 2022 மெகா ஏலத்தில் 'சின்னத் தல' என்று தமிழ்நாடே அழைத்த சுரேஷ் ரெய்னாவுக்கு 2 கோடி அடிப்படை விலையில் ஒரு கைகூடத் தூக்கவில்லை. ஆகவே சென்னை விசுவாசத்தின் கோட்டை என்று பேசுவது பாதி உண்மைதான். அது தோனிக்கு விசுவாசமான அணி. மற்றவர்களுக்கு, தேவை இருக்கும்வரை.

ராஜஸ்தானின் கணக்கு வேறு. சஞ்சுவே விலக விரும்பினார் என்று சீசன் முடிந்ததிலிருந்தே செய்திகள் வந்தன. ஏன் என்பதை அவர் விரித்துச் சொன்னதில்லை, நானும் ஊகிக்கப் போவதில்லை. ஆனால் 2024இன் இறுதியில் நடந்த ஒன்று கண்முன்னே இருக்கிறது. மெகா ஏலத்துக்கு முன் ராஜஸ்தான் ஆறு பேரைத் தக்கவைத்தது. இங்கிலாந்து வீரர் ஜாஸ் பட்லர் அதில் இல்லை. கேப்டன் என்ற முறையில் சஞ்சுவும் பங்கெடுத்த முடிவு அது. பிறகு ஒரு பேட்டியில், தன் வாழ்வின் கடினமான முடிவுகளில் அது ஒன்று என்றார். இங்கிலாந்து தொடரின்போது இரவுச் சாப்பாட்டில் பட்லரிடமே, இன்னும் என்னால் அதிலிருந்து மீள முடியவில்லை என்று சொன்னதாகவும், ஐபிஎல்லில் ஒன்றை மாற்ற முடியுமானால் மூன்றாண்டுக்கு ஒருமுறை வீரர்களை விடச் சொல்லும் விதியை மாற்றுவேன் என்றும் சொன்னார். இந்தக் கேள்வியில் நான் படித்த நேர்மையான வாக்குமூலம் அதுதான். முடிவெடுத்தவர், அந்த முடிவால் பாதிக்கப்பட்டவரின் எதிரே உட்கார்ந்து அதைச் சொல்லியிருக்கிறார். கணக்குத் தீர்ப்பது என்றால் அது பணம் மட்டும் அல்ல.

சஞ்சு சுட்டியது சரியான இடம். ஐபிஎல்லில் விசுவாசத்தைப் பரிமாற்றம் கெடுப்பதில்லை. மெகா ஏலம்தான் கெடுக்கிறது. மூன்றாண்டுக்கு ஒருமுறை அணியின் பெரும்பகுதியைக் கலைத்துத் தெருவில் கொட்டச் சொல்லும் ஒரு அமைப்பில், ஒரு வீரர் 12 சீசன் ஒரே சட்டையில் இருப்பதே அபூர்வம். பரிமாற்றத்தில் குறைந்தபட்சம் வீரரின் சம்மதம் கேட்க வேண்டும் என்று இங்கே விதி இருக்கிறது. என்பிஏவைவிட நம் லீக் நாகரிகமாக நடந்துகொள்ளும் இடம் இது. சஞ்சுவும் ஜடேஜாவும் கையெழுத்துப் போட்டுத்தான் போனார்கள். ஜடேஜாவைத் தள்ளிவிட்டார்கள் என்று சொல்வது அதனால் சரியாகாது.

சென்னையில் வேறொரு பழைய உலகமும் உண்டு, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது. இந்தியக் கூடைப்பந்தின் பலம் நெடுங்காலம் வேலை கொடுக்கும் நிறுவனங்களில் இருந்தது: சென்னையில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, திருவனந்தபுரத்தில் கேரள மின்வாரியம். அங்கே ஆட்டக்காரரை யாரும் விற்பதில்லை. முழங்கால் போனாலும் மேசையும் நாற்காலியும் மாதச் சம்பளமும் ஓய்வு வயதுவரை உண்டு. பணம் குறைவு, புகழ் குறைவு. ஆனால் ஆடி முடித்த பிறகான 25 ஆண்டுக்கும் சேர்த்துத்தான் அந்த நிறுவனங்கள் கணக்குப் போட்டன. லீக் பணம் வந்த பிறகு அந்தக் கணக்கைப் பேசுவாரே இல்லை. எல்லோரையும் நிரந்தர வேலையில் வை என்று ஐபிஎல்லிடம் கேட்க முடியாது. ஆனால் நீண்ட சேவைக்கு விதிப் புத்தகத்தில் ஒரு வரியாவது வேண்டும் என்று கேட்கலாம். அமெரிக்க பேஸ்பாலில் அப்படி ஒரு வரி இருக்கிறது: மொத்தம் 10 ஆண்டு, அதில் கடைசி 5 ஆண்டு ஒரே அணியில் இருந்தவரை அவர் சம்மதம் இல்லாமல் அனுப்ப முடியாது. 12 சீசன் செயின்ட் லூயிஸுக்கு ஆடிய கர்ட் ஃபிளட், 1969இல் தன்னை ஒரு சரக்கைப் போல் பிலடெல்பியாவுக்கு அனுப்பியதை எதிர்த்து நீதிமன்றம் போனார். 1972இல் தோற்றார். தோற்ற அந்த வழக்குக்குப் பின்னால் பிறந்த விதி அது.

சம்மதம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது வேறொன்று. அதற்குத்தான் அந்த 4 கோடிக்குத் திரும்புகிறேன்.

ராஜஸ்தான் வெளியே அனுப்பியது 18 கோடி. உள்ளே வந்தது ஜடேஜாவின் 14, கரனின் 2.4, மொத்தம் 16.4 கோடி. சர்வதேச அனுபவமுள்ள இரண்டு பேரை வாங்கியும் ஏலத்துக்கான பையில் 1.6 கோடி மிச்சம். ஜடேஜாவின் பழைய சம்பளம் தொடர்ந்திருந்தால் இந்தக் கணக்கு நின்றிருக்காது, 2.4 கோடி கூடுதலாகப் போயிருக்கும். அதாவது இரு அணிகளும் தங்கள் தேவையைத் தீர்த்துக்கொள்ள நடுவில் இருந்த இடைவெளியை நிரப்பியது அவர் சம்பளம். அவர் ஒப்புக்கொண்டார் என்பது உண்மை. 37ஐ நெருங்கும் வயதில், பிறந்த அணிக்குத் திரும்பிப் போகும் ஒருவர் எதை மறுக்க முடியும், எதை மறுக்க முடியாது என்பதும் அந்தச் சம்மதத்துக்குள் இருக்கிறது.

பெரியவரின் கேள்விக்கு என் பதில் இது. ஜடேஜா ஒரு தப்பும் பண்ணவில்லை. சென்னை அவரை விட்டதும் தப்பில்லை. வயதைப் பார்த்தால் அது நேரத்தில் எடுத்த முடிவு, ஒருவேளை ஓராண்டு தாமதமாக எடுத்தது. ஆனால் ஒரே அணியில் பத்து சீசனுக்கு மேல் ஆடியவரைப் பரிமாறும்போது அவர் சம்பளம் குறையக் கூடாது என்று விதி இருந்திருக்க வேண்டும். யார் மாற்றத்தை விரும்புகிறார்களோ அந்த அணிகள்தான் அதற்கான விலையைத் தாங்க வேண்டும்.

அப்படி விதி இருந்தால் இந்தப் பரிமாற்றமே நடந்திருக்காது என்று வாதிடலாம். கணக்குப் பார்ப்போம். ஒரு மாதம் கழித்து டிசம்பர் 16 அன்று அபுதாபியில் சிறு ஏலம் நடந்தது. ஜடேஜா விட்டுப் போன இடத்துக்கு, அதுவரை இந்தியாவுக்காக ஒரு ஆட்டமும் ஆடாத உத்தரப் பிரதேச இடக்கைச் சுழலர் பிரசாந்த் வீரைச் சென்னை 14.2 கோடிக்கு வாங்கியது. ஜடேஜாவின் புதுச் சம்பளத்தைவிட 20 லட்சம் அதிகம். ராஜஸ்தான் அதே ஏலத்துக்கு 16.05 கோடியோடு போய், அதிகபட்சமாக ரவி பிஷ்னோய்க்கு 7.2 கோடி கொடுத்தது. ஜடேஜாவுக்கு அந்த 4 கோடியைக் கொடுத்திருந்தாலும் பையில் 12.05 கோடி இருந்திருக்கும். பிஷ்னோயை அப்போதும் வாங்கியிருக்கலாம்.